வாசகர் கேள்வி, என் பதில்: ஒரு குறில் செய்த வேலை

கேள்வி: அம்மா, சென்ற இதழில் இலையுதிர்க்கும் மரத்தைக் குறிக்கும் 'டிசிஜுவஸ்' என்ற ஆங்கிலச் சொல்லை விளக்கும்போது, "இலையை உதிர்க்கலாமா வேண்டாமா என்று மரம் முடிவெடுக்கிறது. முடிவெடுப்பது ஆங்கிலத்தில் டிசைட். அதிலிருந்து வந்ததே டிசிஜுவஸ்" என்று எழுதியிருந்தீர்கள். பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் பள்ளி நூலகத்தில் பெரிய அகராதியைப் புரட்டிவிட்டு வந்து, "அப்பா, அந்த அம்மா எழுதினது தப்பு" என்கிறாள். யார் சொல்வது சரி?
— ஒரு வாசகர், தென்காசி

பதில்: உங்கள் மகள் சொல்வதுதான் சரி. அவளுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள்.

இந்தத் தப்பை நான் போன மாதம் புதிதாகச் செய்யவில்லை. 31 வருஷம் தாவரவியல் வகுப்பில் கரும்பலகையில் எழுதியே செய்திருக்கிறேன். முதல் வருஷ மாணவிகளுக்கு அந்தச் சொல்லை எழுத்துக்கூட்ட வராது. 'டெசிடியஸ்' என்பார்கள், 'டெசிடஸ்' என்பார்கள், தேர்வுத்தாளில் இன்னும் என்னென்னவோ எழுதுவார்கள். அதனால் 'டிசைட்' என்று எழுது, கடைசி எழுத்தை அழி, நாலு எழுத்தை வாலில் ஒட்டு என்று சொல்லிக்கொடுத்தேன். ஸ்பெல்லிங் அவர்களுக்கு மனசில் நின்றது. ஸ்பெல்லிங்குக்காகக் கட்டிய கதையோ, வருஷாவருஷம் சொல்லிச் சொல்லி எனக்கே வரலாறாகிவிட்டது.

உண்மை இதுதான். லத்தீனில் 'கதெரே' என்றால் விழுவது. 'தே' என்ற முன்னொட்டு கீழே, விலகி என்ற பொருள் தரும். இரண்டும் சேர்ந்தால் 'தேகிதெரே', அதாவது கீழே விழுவது. அதிலிருந்து 'தேகிதுவுஸ்', விழக்கூடியது. 17ஆம் நூற்றாண்டில் இது ஆங்கிலத்துக்குள் வந்து டிசிஜுவஸ் ஆனது.

'டிசைட்' வேறு வீட்டுப் பிள்ளை. அதன் வேர் 'கைதெரே', வெட்டுவது. அதோடு அதே 'தே' சேர்ந்தால் 'தேகீதெரே', வெட்டி எறிவது. வழக்கை இழுத்துக்கொண்டே போகாமல் ஒரே வெட்டாக வெட்டி முடிப்பதுதான் டிசைட். "வெட்டு ஒன்று துண்டு இரண்டு" என்று நாம் சொல்வதைத்தான் ரோமானியர்களும் நினைத்திருக்கிறார்கள்.

முன்னொட்டு சேரும்போது 'கதெரே'யில் உள்ள 'க' 'கி' ஆகிறது, 'கைதெரே'யில் உள்ள 'கை' 'கீ' ஆகிறது. நம் புணர்ச்சி விதி மாதிரி அவர்களுக்கும் ஒரு கணக்கு. ஆக, விழுவதற்கும் வெட்டுவதற்கும் நடுவே நிற்பது ஒரு குறிலும் ஒரு நெடிலும். விடு, வீடு என்று சொல்லிப் பழகிய நமக்கு இது காதிலேயே பிடிபட்டுவிடும். ஆனால் ரோமானியர்கள் பெரும்பாலும் குறிலையும் நெடிலையும் ஒரே எழுத்தால் எழுதிவிட்டுப் போனார்கள். எழுத்தைப் பார்த்தால் இரண்டும் ஒன்று. நான் எழுத்தைப் பார்த்தேன், விழுந்தேன். (நம் ஏட்டுச்சுவடிகளிலும் எ எது, ஏ எது என்ற தடுமாற்றம் இருந்தது. அதைத் தெளிவாக்கியவர் வீரமாமுனிவர் என்று தமிழாசிரியர்கள் சொல்வார்கள். அவர் இத்தாலிக்காரர், லத்தீன் படித்தவர். குறில் நெடில் காட்டாத எழுத்தின் தொல்லை அவருக்கு ஏற்கெனவே பழக்கமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.)

இந்த இரட்டை இங்கே மட்டும் இல்லை. குறிலோடு 'இன்கிதெரே' என்றால் மேலே வந்து விழுவது. 'இன்சிடென்ட்' அதன் வழி. நெடிலோடு 'இன்கீதெரே' என்றால் உள்ளே வெட்டுவது. அறுவைசிகிச்சை மேசையில் டாக்டர் போடும் 'இன்சிஷன்' அதன் வழி. எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது ஜோடி. குறிலோடு 'ஒக்கிதெரே', சூரியன் விழுவது. மேற்குலகத்தை 'ஆக்சிடென்ட்' என்பார்களே, அது இதிலிருந்து. சாலையில் நடக்கும் ஆக்சிடென்ட் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கும் வேர் 'கதெரே'தான், ஆனால் முன்னொட்டு வேறு. நெடிலோடு 'ஒக்கீதெரே' என்றால் வெட்டிச் சாய்ப்பது, கொல்வது. 'ஹோமிசைட்', 'சூசைட்' எல்லாம் வெட்டு வீட்டு வாரிசுகள்.

சூரியன் விழும் திசை என்பது நமக்கு அந்நியமான நினைப்பு இல்லை. மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கத்தை எழுவான்கரை என்றும் மேற்குப் பக்கத்தை படுவான்கரை என்றும் அங்குள்ளவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். எழுவான் என்பது கிழக்குலகத்தைச் சொல்லும் 'ஓரியன்ட்'. படுவான் என்பது 'ஆக்சிடென்ட்'. சொல்லுக்குச் சொல் அப்படியே. லத்தீனுக்கு இரண்டு வேர் வேண்டியிருந்த இடத்தில் நம் 'படு' ஒன்றே போதுமானதாக இருந்திருக்கிறது. ஞாயிறும் பட்டது, போரில் வீரனும் பட்டான் என்று நடுகல்லில் வெட்டி வைத்தார்கள்.

'கதெரே' குடும்பம் பெரிசு. தலையில் வந்து விழுவது 'சான்ஸ்'. விழுந்து சிதைவது 'டிகே'. விழாமல் காப்பது 'பாரசூட்', அதன் பின்பாதி பிரெஞ்சு வழியாக வந்த அதே விழுவதுதான். ஆங்கில இலக்கணத்தில் வேற்றுமையைக் 'கேஸ்' என்கிறார்களே, அதுவும் விழுவதே. எழுவாய் நிமிர்ந்து நிற்கிறது, மற்ற வேற்றுமைகள் அதிலிருந்து சாய்ந்து விழுகின்றன என்று கிரேக்கர்கள் நினைத்தார்கள். அவர்கள் வைத்த பெயர் 'ப்டோசிஸ்'. இமை விழுந்து கண் பாதி மூடியிருந்தால் கண் டாக்டர் இன்றைக்கும் அதே சொல்லைத்தான் எழுதுகிறார்.

போதும். மகளிடம் என் சார்பில் மன்னிப்பும் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: நான் முதுமலை வழியாக அடிக்கடி பேருந்தில் போய்வருபவன். மார்ச் மாதத்தில் தேக்கெல்லாம் எலும்புக்கூடாக நிற்கும். மரம் 'முடிவெடுக்கிறது' என்று எழுதினீர்களே, அது அறிவியலா, கவிதையா? இலை காய்ந்தால் விழத்தானே செய்யும்?
— ஒரு வாசகர், கூடலூர்

பதில்: சொல் வரலாற்றில் சறுக்கினேன், ஒப்புக்கொண்டேன். இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

காய்ந்தால் விழும் என்கிறீர்கள். கல்யாண வீட்டில் பந்தல்காலில் கட்டிய மாங்கொத்தைப் பத்து நாள் கழித்துப் பாருங்கள். இலை முறுகி, சருகாகி, தொட்டால் நொறுங்கும். ஆனால் கொத்திலேயே இருக்கும். பிடித்து இழுத்தால் காம்போடு பட்டையும் சேர்ந்து கிழியும். காய்ந்த இலை கீழே விழவில்லை, ஏனென்றால் கிளை செத்துவிட்டது. இலையை உதிர்ப்பது உயிருள்ள மரம் செய்யும் வேலை. செத்த கிளைக்கு அதைச் செய்யத் தெம்பு இல்லை.

எப்படிச் செய்கிறது என்று பார்க்க எங்கள் வாசலில் உள்ள வாதாமரத்தைத்தான் மாணவிகளுக்குக் காட்டுவேன். வருஷத்துக்கு இரண்டு தடவை இலை சிவந்து உதிர்க்கிற மரம். பச்சை இலையைப் பறித்தால் இழுக்கவேண்டியிருக்கும், காம்படி பிய்ந்து ஈரம் கசியும். சிவந்த இலையை ஒரு விரலால் மேலே தூக்கினால் போதும், 'டப்' என்று கையோடு வந்துவிடும். அது இருந்த இடத்தில் ஒரு வழவழப்பான தழும்பு. ஈரம் இல்லை, கிழிசல் இல்லை. அந்தத் தழும்புக்குள் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். தண்ணீரும் சத்தும் போய்வந்த குழாய்களின் வாய்கள் அவை.

அந்தக் கதவு முன்கூட்டியே தயாராகிறது. காம்பின் அடியில் மெல்லிய உயிரணுக்கள் சில வரிசையாக இருக்கும். இலை சுறுசுறுப்பாக இருக்கும்வரை ஆக்சின் என்ற ஹார்மோனைக் காம்பு வழியாக அனுப்பிக்கொண்டே இருக்கும். 'நான் வேலையில் இருக்கிறேன், கதவைச் சாத்தாதே' என்பதுபோல. இலைக்கு வயதாகி ஆக்சின் குறைந்ததும், வாயு வடிவில் இருக்கும் எத்திலீன் என்ற ஹார்மோனின் கை ஓங்குகிறது. அணுவையும் அணுவையும் ஒட்டியிருக்கும் பசையை நொதிகள் கரைக்கின்றன. அதற்குள் இலையில் இருந்த தழைச்சத்து, மணிச்சத்தில் பெரும்பகுதியை மரம் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கும். இந்தப் பக்கம் தக்கை மாதிரி ஒரு காப்புப் படலம் உருவாகும். கடைசியில் இலை குழாய் நாரில் தொங்கும். காற்று வந்து அதை அறுத்துவிட்டு, பழியையும் ஏற்றுக்கொள்ளும்.

எத்திலீன் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்களில் தெருவிளக்குக்கு வாயு போன குழாய்கள் கசிந்த இடங்களில் மரங்கள் பருவம் இல்லாத நேரத்தில் இலையைக் கொட்டின. யாருக்கும் காரணம் விளங்கவில்லை. 1901இல் ரஷ்யாவில் டிமித்ரி நெல்யுபோவ் பட்டாணி நாற்றுகளை வைத்து, அந்த வாயுவில் இருந்து செடிகளைப் படுத்தியது எத்திலீன் என்று காட்டினார். நம் ஊரில் வாழைத்தாருக்குப் புகைமூட்டம் போடுபவருக்குப் பெயர் தெரியாதே தவிர, புகையில் அதே சரக்குதான்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். காம்படியில் நடக்கும் இந்த வேலைக்குத் தாவரவியலார் வைத்த பெயர் 'அப்சிஷன்'. அது 'ஸ்கிந்தெரே' என்ற லத்தீன் வினையிலிருந்து வருகிறது. அதற்குப் பொருள் பிளப்பது, அறுப்பது. ஆக, மரத்துக்கு அடைமொழி வைத்தவர் கீழே நின்று பார்த்தார், இலை விழுந்தது, 'விழு' என்று வைத்தார். நுண்ணோக்கியில் பார்த்தவர் காம்பை அறுப்பதைக் கண்டார், 'அறு' என்று வைத்தார். நான் தப்பாகக் கொண்டுவந்து சேர்த்த வெட்டு, மரத்துக்குள் உண்மையிலேயே இருக்கிறது. சொல்லில் மட்டும்தான் இல்லை.

வேரை மாற்றிப் பிடித்தது நான் ஒருத்தி மட்டும் அல்ல என்று ஓர் ஆறுதலும் உண்டு. கத்தரிக்கோலின் ஆங்கிலப் பெயரான 'சிசர்ஸ்' வெட்டும் 'கைதெரே' வழியில் வந்த சொல். 16ஆம் நூற்றாண்டில் அதை 'ஸ்கிந்தெரே'யின் பிள்ளை என்று நினைத்து அதன் 'எஸ்-சி' எழுத்துகளை முன்னால் மாட்டிவிட்டார்கள். இன்றுவரை உலகமே அந்தத் தப்போடு எழுதுகிறது. 'அப்சிசிக் அமிலம்' என்ற ஹார்மோன் கதையும் அப்படித்தான். 1960களில் கலிஃபோர்னியாவில் பிரெடெரிக் அடிகாட் குழுவினர் பருத்திக்காய் உதிர்வதை ஆராய்ந்தபோது கிடைத்தது. உதிர்ப்பது இதுதான் என்று நம்பிப் பெயரும் வைத்தார்கள். பிற்பாடு பார்த்தால் அந்த வேலையை முக்கியமாகச் செய்வது எத்திலீன். அப்சிசிக் அமிலத்தின் பெரிய வேலைகள் வேறு: தண்ணீர்த் தட்டுப்பாட்டில் இலைத்துளைகளை மூடுவது, விதையை உறங்கவைப்பது. பெயர் மட்டும் மாறவில்லை.

தமிழில் 'இலையுதிர் மரம்' என்று பாடநூலில் போட்டிருப்பதைப் பார்த்து நான் வெகுநாள் முணுமுணுத்ததுண்டு. இலை உதிர்கிறதா, மரம் உதிர்க்கிறதா? 'இலையுதிர்க்கும் மரம்' என்று எழுதினால் என்ன? எங்கள் கல்லூரித் தமிழ்த்துறை அம்மா ஒருநாள் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே சிரித்தார். "இலையுதிர் மரம் வினைத்தொகைங்க. உதிர்ந்த, உதிர்கிற, உதிரும் என்றும் விரிக்கலாம், உதிர்த்த, உதிர்க்கிற, உதிர்க்கும் என்றும் விரிக்கலாம். உங்களுக்கு எது வேணுமோ எடுத்துக்குங்க." காலத்தை மறைக்கும் என்று நன்னூலில் படித்தது நினைவிருந்தது. யார் செய்தது என்பதையும் இங்கே மறைத்துவிட்டது. அன்றோடு முணுமுணுப்பை விட்டேன்.

கேள்வி: பேரனின் ஆடும் பல்லைக் காட்டப் போனோம். பல் டாக்டர் சீட்டில் 'டிசிஜுவஸ்' என்று எழுதியிருக்கிறார். மரத்துக்குச் சொல்வதைப் பல்லுக்கு ஏன் எழுதினார்?
— ஒரு வாசகி, மயிலாடுதுறை

பதில்: பால் பல் என்பதைத்தான் எழுதியிருக்கிறார். கவலைப்பட ஒன்றும் இல்லை. இந்தச் சொல் ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் பல், முடி, இதழ், இலை எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்தது. மரத்துக்கே உரிய அடைமொழியாக நிலைத்தது 18ஆம் நூற்றாண்டில். அதே நூற்றாண்டில் லண்டனில் வில்லியம் ஹன்டர் என்ற மருத்துவர், பிரசவத்தில் கழன்று வெளியேறும் கருப்பை உட்படலத்துக்கு 'டெசிடுவா' என்று பெயர் வைத்தார். அதுவும் விழுவதே.

பால் பல் 20. விழுந்த பல்லைத் தூக்கி எறிவதற்கு முன் ஒரு தடவை கவிழ்த்துப் பாருங்கள், வேர் இருக்காது. புதுப் பல் கீழிருந்து வரவர உடம்பே பழைய பல்லின் வேரைக் கரைத்துவிடுகிறது. வாதாமரம் காம்பில் செய்வதை ஈறு இங்கே செய்கிறது. பார்த்தபிறகு வழக்கம்போலச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறியுங்கள். மொட்டைமாடி வீடு என்றால் கொஞ்சம் பலமாக.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி இலையுதிர்காலத்தை 'ஃபால்' என்கிறான். இங்கிலாந்தில் 'ஆட்டம்'. அமெரிக்கர்கள் டிசிஜுவஸை மொழிபெயர்த்து ஃபால் ஆக்கினார்களா?
— ஒரு வாசகி, ஈரோடு

பதில்: இல்லை. ஃபால் இங்கிலாந்துச் சரக்கு. 16ஆம் நூற்றாண்டில் அங்கே 'இலை விழும் காலம்' என்று நீட்டிச் சொன்னார்கள், அது சுருங்கி 'ஃபால்' ஆயிற்று. கப்பலேறிப் போனவர்கள் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். ஊரில் இருந்தவர்கள் லத்தீன் வழி வந்த 'ஆட்டம்' என்பதில் தங்கிவிட்டார்கள். அதற்கும் முன்னால் அந்தப் பருவத்துக்கு ஆங்கிலத்தில் 'ஹார்வெஸ்ட்', அறுவடை என்றே பெயர்.

நமக்குக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பருவம் உண்டு, இலையுதிர்காலம் அதில் இல்லை. அங்கே இலை கொட்டுவது குளிருக்குமுன். இங்கே பெரும்பாலும் தை தொடங்கிப் பங்குனிவரை, தண்ணீர் தட்டும்போது. எங்கள் தெருமுனையில் ஓர் இலவமரம் மாசியில் மொட்டையாக நிற்கும். சில வருஷத்துக்கு முன் பட்டமரம் என்று நினைத்து யாரோ ஆள்வைத்து வெட்டிவிட்டார்கள். நான் ஊரில் இல்லை. திரும்பி வந்து பார்த்தபோது அடிமரத்தில் வெட்டிய இடம் ஈரமாக இருந்தது, வெட்டிப்போட்ட கிளையில் மொட்டுகள் இருந்தன.

கேள்வி: புல்லிவட்டத்தைப் பற்றி எழுதும்போது 'கேட்யூகஸ்', 'டிசிஜுவஸ்' என்று இரண்டு சொல் வருகிறது. இரண்டுக்கும் உதிர்வது என்றே எங்கள் கையேட்டில் போட்டிருக்கிறது. தேர்வில் எப்படி வேறுபடுத்தி எழுதுவது?
— தாவரவியல் முதலாம் ஆண்டு மாணவி, விருதுநகர்

பதில்: இரண்டும் 'கதெரே'யின் பிள்ளைகள்தான், அதனால்தான் கையேடு குழம்பியிருக்கிறது. வேறுபாடு நேரத்தில் இருக்கிறது. பூ விரியும்போதே புல்லி, அதாவது மொட்டை மூடியிருக்கும் வெளி உறை, விழுந்துவிட்டால் கேட்யூகஸ். பூ விரிந்து, வேலை முடிந்து, அல்லியோடு, அதாவது இதழ்களோடு, சேர்ந்து விழுந்தால் டிசிஜுவஸ், கடுகுப்பூ மாதிரி. விழாமலே காயோடு இருந்துவிட்டால் நிலைத்த புல்லி. கத்தரிக்காயின் தலையில் பச்சைத் தொப்பியாக, சில ரகத்தில் முள்ளோடு, விரலைக் குத்துகிறதே, அதுதான்.

முதல் வகைக்குப் புத்தகத்தில் கசகசாச் செடியைச் சொல்வார்கள். அதை வீட்டில் வளர்க்க முடியாது, சட்டம் விடாது. அதன் சொந்தக்காரச் செடி பிரமதண்டு உங்கள் ஊரில் ரோட்டோரமெல்லாம் இருக்கும். மஞ்சள் பூ, முள் இலை, ஒடித்தால் மஞ்சள் பால். காலையில் சீக்கிரம் போய், விரிய இருக்கும் மொட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பக்கத்தில் நில்லுங்கள். மூன்று புல்லி, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சின்னக் கொம்பு. இதழ்கள் பிதுங்கி வெளியே வரும்போது புல்லிகள் கழன்று விழும். கீழே காகிதத்தை விரித்துவைத்தால் மூன்றையும் பொறுக்கி ரெக்கார்டு நோட்டில் ஒட்டிவிடலாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், முள் பொல்லாதது.